பக்தியும் கேலியும் ஒரே குழுவில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதம் வாசிக்க, பாசுரம் பாட, ஒருவருக்காக ஒருவர் பிரார்த்திக்க என்று இணையத்தில் கூடும் குழுக்கள் ஏராளம். அவை உடையும்போது காரணத்தைத் தேடிப் போனால், பல நேரம் அது யாரோ போட்ட ஒரு ஜோக்கில் போய் நிற்கும். சிரிப்பு, நம்பிக்கை, இணையத்தில் சேர்ந்திருப்பது ஆகிய மூன்றையும் பற்றிப் பலரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எனக்கு இந்த மூன்றும் வேண்டும். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கைவிடச் சொல்லும் பதில் எதையும் இங்கே எழுதவில்லை.

கடவுள் காரியத்தில் சிரிப்புக்கு என்ன வேலை?

உரிமையை வளர்க்கிற வேலை. பயமும் மரியாதையும் மட்டுமே உள்ள உறவில் பக்தர் வாய் திறந்தால், சொல்ல வேண்டியதைத்தான் சொல்வார். மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார். உரிமை வந்தபிறகுதான் கோபம், ஊடல், கேலி எல்லாம் வரும்.

சுந்தரர் கதை இதற்கு எனக்குப் பிடித்த சான்று. மணக்கோலத்தில் இருந்தவரிடம் கிழவர் வேடத்தில் சிவன் வந்து, ஓலையைக் காட்டி, “நீ எனக்கு அடிமை” என்று வழக்காடுகிறார். எரிச்சலில் சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசிவிடுகிறார். வந்தவர் யாரென்று தெரிந்தபின், எப்படிப் பாடுவேன் என்று திகைத்து நிற்கிறார். முன்பு என்னைப் பித்தன் என்றாயே, அந்தப் பெயராலேயே பாடு என்கிறார் இறைவன். ஏழாம் திருமுறையின் முதல் பதிகம் அந்த ஏச்சிலிருந்துதான் தொடங்குகிறது. கதை அதோடு முடியவில்லை. பிற்பாடு கண்பார்வை இழந்து திருவாரூரில் நிற்கும்போது, அடியார்கள் இப்படித் துன்பப்பட நீர் மட்டும் நன்றாக வாழ்ந்து போம் என்று இறைவனையே குத்திக்காட்டுகிறார். அதைப் பதிகமாக இன்றும் கோயிலில் ஓதுகிறார்கள். ‘தம்பிரான் தோழர்’ என்று அவருக்குப் பெயர் வந்ததும் அந்த உறவால்தான்.

இந்த உரிமை என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால், கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

மறைநூல்களில் உண்மையிலேயே நகைச்சுவை இருக்கிறதா, அல்லது நாமாகத் தேடிக் கண்டுபிடிக்கிறோமா?

இருக்கிறது. தேடவே வேண்டாம்.

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில், தொண்ணூறு வயதை நெருங்கிய சாராளுக்குப் பிள்ளை பிறக்கும் என்று செய்தி வருகிறது. கூடாரத்துக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்த சாராள் தனக்குள் சிரிக்கிறாள். “ஏன் சிரித்தாய்?” என்று கேட்டால் பயந்துபோய், “நான் சிரிக்கவில்லை” என்கிறாள். “இல்லை, நீ சிரித்தாய்” என்று பதில் வருகிறது. ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் பேச்சு போலவே இருக்கும். அவள் நம்பாமல் சிரித்ததற்குத் தண்டனை எதுவும் இல்லை. பிள்ளை பிறந்தபின், கேட்கிறவர்கள் எல்லோரும் என்னோடு சேர்ந்து சிரிப்பார்கள் என்று அவளே மகிழ்ந்து சொல்கிறாள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர் ஏறிச்செல்ல ஒட்டகம் கேட்கிறார். பெண் ஒட்டகத்தின் பிள்ளை ஒன்றைத் தருகிறேன் என்கிறார்கள் நபியவர்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று அவர் விழிக்க, எந்த ஒட்டகமும் ஒரு பெண் ஒட்டகத்தின் பிள்ளைதானே என்று விளக்கம் வருகிறது. நீங்கள் எங்களோடு வேடிக்கையாகப் பேசுகிறீர்களே என்று தோழர்கள் கேட்டபோது, நான் உண்மையைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை என்று பதில் சொன்னதாகவும் ஹதீஸ் (நபிமொழி) உண்டு. ஒட்டகக் கதையில் பொய்யே இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்னொரு ஹதீஸ், பிறரைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவருக்குக் கேடு என்று எச்சரிக்கிறது. ஃபார்வர்டு பொத்தானை அழுத்தும் முன் இந்த இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

யூதர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூதில், ஒரு சட்டப் பிரச்சினையில் வானத்திலிருந்து குரல் வந்தும்கூட ரபிகள் (யூத மத அறிஞர்கள்) அதை ஏற்க மறுக்கிறார்கள்; தீர்ப்பு சொல்லும் பொறுப்பு எங்களிடம் தரப்பட்டாகிவிட்டது என்கிறார்கள். அப்போது கடவுள் என்ன செய்தார் என்று பிறகு ஒருவர் எலியா தீர்க்கதரிசியிடம் கேட்கிறார். “சிரித்துக்கொண்டே, என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள் என்றார்” என்பது பதில்.

ஔவைக்கு மரத்தின் மேலிருந்து முருகன் பழம் பறித்துப் போட்ட கதையை நாம் எல்லோரும் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். பெரும்புலமையை ஒரு மாட்டுக்காரச் சிறுவன் விளையாட்டாக மடக்குகிறான். ஔவைக்கு அதில் அவமானம் ஏதும் இல்லை; அவளும் ரசிக்கிறாள். மடக்கியவர் அன்புடையவர், மடங்கியவர் சிறுமைப்படவில்லை. நல்ல கேலிக்கு இலக்கணம் என்று ஒன்று எழுதச் சொன்னால் நான் இந்தக் கதையைத்தான் எழுதுவேன்.

ஆனால் பெரியவர்கள் சிரிப்பைக் கண்டித்தும் இருக்கிறார்களே?

ஆமாம், மறைக்க வேண்டியதில்லை. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குவிதிகளில், எளிதில் சிரிப்புக்கு ஆளாகாமல் இருப்பதைத் தாழ்மையின் படிகளில் ஒன்றாக வைத்தார். உலகம் எரிந்துகொண்டிருக்கும்போது என்ன சிரிப்பு, என்ன கொண்டாட்டம் என்று பௌத்த நூலான தம்மபதம் கேட்கிறது. அந்தக் கேள்வியின் கனத்தை நான் மதிக்கிறேன். மௌனத்தையே பயிற்சியாக எடுத்துக்கொண்டவர்கள் நடுவில் சிரிப்பு ஒரு இடையூறுதான்.

அதே கிறிஸ்தவ மரபில் 13ஆம் நூற்றாண்டில் வந்த தாமஸ் அக்குவினாஸ் எதிர்ப்பக்கத்தையும் சொன்னார். தானும் சிரிக்காமல், சிரிக்கிறவர்களுக்கும் பாரமாக இருப்பது ஒரு குற்றம் என்பது அவர் முடிவு. பெனடிக்ட், அக்குவினாஸ் இரண்டு பேரும் புனிதர்களாகவே மதிக்கப்படுகிறார்கள். குழுவில் எப்போதும் இந்த இரண்டு வகை மனிதர்களும் இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு உதவும்.

கேலி எங்கே முடிகிறது, இழிவு எங்கே தொடங்குகிறது?

தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகள்) எட்டில் நகையை முதலாவதாக வைக்கிறது. அது பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அதாவது இகழ்ச்சி, சிறுபிள்ளைத்தனம், அறியாமை, சொன்னதை அப்படியே நம்பிவிடும் வெகுளித்தனம். ஆச்சரியம் என்னவென்றால், நான்கில் ஒன்றே ஒன்றுதான் இகழ்ச்சி. மற்ற மூன்றிலும் சிரிக்கிறவருக்குச் சிரிப்புக்கு உள்ளாகிறவர் மேல் பிரியம் இருக்க இடமிருக்கிறது. குழந்தை தப்பாகச் சொன்ன பிரார்த்தனையைக் கேட்டு வரும் சிரிப்பு அப்படிப்பட்டது. நம் குழுக்களில் பிரச்சினை செய்வது அந்த முதல் வகை.

வள்ளுவர் இன்னும் நேராகச் சொல்லிவிட்டார். விளையாட்டுக்காகக்கூட ஒருவரை இகழ்வது துன்பம் தரும் என்பது 995ஆம் குறள். “சும்மா ஜாலிக்குச் சொன்னேன்” என்ற சமாதானத்தை அந்தக் குறள் ஏற்பதில்லை. குர்ஆனின் 49ஆம் அத்தியாயம், ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம், அவர்கள் இவர்களைவிட மேலானவர்களாக இருக்கலாம் என்கிறது. பட்டப்பெயர் வைத்து அழைப்பதையும் சேர்த்துத் தடுக்கிறது. பலர் முன்னால் ஒருவரின் முகம் வெளுக்கும்படி அவமானப்படுத்துவது இரத்தம் சிந்துவதற்குச் சமம் என்கிறது தல்மூத்.

பலர் முன்னால் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். இணையத்தில் எல்லாமே பலர் முன்னால்தான் நடக்கிறது.

நான் கைக்கொள்ளும் சோதனை ஒன்று உண்டு. யாரைப் பற்றிய ஜோக்கோ அவர் இந்தக் குழுவில் இருந்தால், அவர் முகத்தைப் பார்த்தபடி இதைச் சொல்வேனா? சொல்லிவிட்டு அவரோடு சேர்ந்து பிரார்த்தனைக்கு உட்கார முடியுமா? முடியும் என்றால் அது கேலி. முடியாது என்றால் அதை எழுதக்கூட வேண்டாம்.

என் மதத்தைப் பற்றி நானே ஜோக் அடிக்கலாமா? மற்றவர்கள் அடித்தால் மட்டும் ஏன் வலிக்கிறது?

நீங்கள் அடிக்கலாம். உங்களுக்கு அந்த வீட்டில் பங்கு இருக்கிறது, அந்த வீட்டின் கஷ்டத்திலும் பங்கு இருக்கிறது. வெளியாள் அதே சொல்லைச் சொல்லும்போது உரிமை போய்விடுகிறது, சொல் மட்டும் மிஞ்சுகிறது.

‘ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்’ என்று ஒரு கிறிஸ்தவ நையாண்டி இதழ் பிரிட்டனில் 1977ல் தொடங்கியது. 1998ல் இணையத்துக்கு வந்தது. நடத்தியவர்கள் நம்பிக்கையாளர்களே. மத வெறுப்பைத் தடுக்க அந்த நாட்டில் ஒரு சட்ட மசோதா வந்த சமயம், 2005ல், மத ஜோக்குகளுக்கு அவர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். வேடிக்கையானது எது, மனதைப் புண்படுத்துவது எது என்று இரண்டையும் வாசகர்களிடமே கேட்டார்கள். வேடிக்கையானதாக வாசகர்கள் தேர்ந்தெடுத்தது எமோ பிலிப்ஸ் என்ற அமெரிக்க நகைச்சுவையாளருடையது. பாலத்திலிருந்து குதிக்கப் போகும் ஒருவரை இன்னொருவர் தடுக்கிறார். நீங்கள் எந்த மதம், எந்தப் பிரிவு, அதில் எந்த உட்பிரிவு என்று கேட்டுக் கேட்டு இருவரும் ஒன்று என்று பூரிக்கிறார். கடைசியில் ஏதோ ஒரு மாநாட்டின் ஆண்டு மட்டும் வேறாகிறது. உடனே “மதத் துரோகியே, செத்துப்போ!” என்று பிடித்துத் தள்ளிவிடுகிறார்.

அவர்களுடைய வழக்கத்தை, அவர்களுடைய நோயை, அவர்களே சொல்லிச் சிரித்தார்கள். எந்த மதத்தைச் சேர்ந்தவரும் அதில் தன் வீட்டைப் பார்த்துக்கொள்ள முடியும். இந்த வகை ஜோக் ஒரு சமூகத்துக்கு மருந்து என்று நான் உறுதியாக நம்புகிறேன். பைபிளில் வரும் யோனா கதையும் இதே இனம்தான்: ஊர் அழியவில்லையே என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தீர்க்கதரிசியை அவருடைய சொந்த மக்களான யூதர்களே வேதத்தில் சேர்த்துவைத்து ஒவ்வொரு ஆண்டும் வாசிக்கிறார்கள்.

மெக்ரா, வாரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010ல் வெளியிட்ட ஆய்வு வலிக்கும் காரணத்தைக் கொஞ்சம் விளக்குகிறது. ஒரு தேவாலயம் ஆட்களைச் சேர்க்க ஆடம்பரக் காரைக் குலுக்கல் பரிசாகத் தருவதாக ஒரு கதை. அது தகாத காரியம் என்று தேவாலயத்துக்குப் போகிறவர்களும் நினைத்தார்கள், போகாதவர்களும் நினைத்தார்கள். ஆனால் போகாதவர்களுக்குத்தான் அது அதிகம் வேடிக்கையாக இருந்தது. எதன் மேல் நமக்குப் பிடிப்பு இருக்கிறதோ, அது மீறப்படும்போது சிரிப்பு சுலபமாக வருவதில்லை. ஆகவே ஒருவர் சிரிக்கவில்லை என்றால் அவருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அவருக்கு அந்தப் பொருள் மேல் உங்களைவிட அதிகப் பிடிப்பு இருக்கலாம்.

நேரில் சொன்னால் எல்லோரும் சிரிக்கும் அதே விஷயம் குழுவில் எழுதினால் ஏன் சண்டையாகிறது?

மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. ஒன்றைப் பற்றி ஆய்வே இருக்கிறது.

எழுத்தில் குரல் இல்லை. க்ரூகர், எப்லி ஆகியோர் 2005ல் வெளியிட்ட ஆய்வில், கிண்டலாகவும் நேராகவும் சில வாக்கியங்களை மின்னஞ்சலில் அனுப்பவைத்தார்கள். படிப்பவருக்கு எது கிண்டல் என்று பெரும்பாலும் புரிந்துவிடும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகக் கண்டுபிடித்தது பாதிக்குச் சற்று மேல். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் பாதி சரியாக வரும். எழுதும்போது நம் மனதுக்குள் நம் குரல் கேட்கிறது, அதனால் அடுத்தவருக்கும் கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

நம்பிக்கை சார்ந்த பேச்சில் இது இரட்டிப்பாகிறது. 2005ல் ஒரு கிறிஸ்தவ விவாதத் தளத்தில் உலகைக் கடவுளே நேராகப் படைத்தார் என்னும் படைப்புக் கொள்கை பற்றிய வாதம் நடந்தபோது நேதன் போ என்பவர் ஒன்றைச் சொன்னார்: சிரிப்புக் குறி எதுவும் இல்லாவிட்டால், இந்தக் கருத்தை நையாண்டி செய்து எழுதினாலும் யாராவது ஒருவர் அதை நிஜமென்றே எடுத்துக்கொள்வார். ‘போ விதி’ என்று அது இன்றுவரை பேசப்படுகிறது. தீவிரமான நம்பிக்கையும் அதன் நையாண்டியும் எழுத்தில் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் அதன் சாரம்.

இரண்டாவது காரணம், சொல் ஊர் சுற்றுகிறது. பத்துப் பேர் உட்கார்ந்த அறையில் சொன்னது அந்த அறையோடு போகும். எழுதியது ஸ்கிரீன்ஷாட்டாகி, முன்பின் இல்லாமல், உங்களைத் தெரியாதவர்களிடம் போய்ச் சேரும். உங்களுக்கும் உங்கள் குழுவுக்கும் இடையே இருந்த உரிமை அந்தப் படத்தில் வராது. என்னைக் கேட்டால் மிகப் பெரிய காரணம் இதுதான். நம்பிக்கையைப் பற்றிய நகைச்சுவை முழுக்க உறவின் மேல் நிற்கிறது. ஃபார்வர்டு செய்யும்போது உறவு கழன்றுவிடுகிறது.

மூன்றாவது, நேரம். ஒருவர் ஜோக் எழுதும் நிமிடத்தில் இன்னொருவர் மருத்துவமனை வாசலில் அதைத் திறந்து படிக்கிறார்.

ஒரு சிரிப்பு எமோஜி போட்டால் போதாதா?

கொஞ்சம் உதவும். அதன் முன்னோடியான :-) என்ற எழுத்துக் குறி பிறந்ததே இதற்காகத்தான்: கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினிச் செய்திப் பலகையில் சிலர் வேடிக்கையாக எழுதியதை மற்றவர்கள் நிஜ எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்ட பிறகு, 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் இப்படி ஒரு குறியைப் போடலாம் என்று முன்மொழிந்தார். ஆனால் இகழ்ச்சியின் பின்னால் வைத்த எமோஜி இகழ்ச்சியைக் கூட்டும், குறைக்காது. இறந்தவர் செய்திக்குக் கீழே தவறிப்போய் விழும் சிரிப்பு முகத்தைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் குழுவில் எல்லோரும் ஒரே மதம். மற்ற மதத்தாரைப் பற்றிய ஜோக்கை எங்களுக்குள் பகிர்ந்தால் யாருக்கு நஷ்டம்?

முதலில் உங்களுக்கு. உங்கள் குழு எதற்காகக் கூடியதோ அது மெல்ல மாறிவிடும். அடுத்தவரைப் பார்த்துச் சிரிப்பதில் கிடைக்கும் நெருக்கம் வேகமாக வரும். பிறகு அந்த நெருக்கத்துக்கு ஒவ்வொரு நாளும் தீனி வேண்டியிருக்கும். பிரார்த்தனை வேண்டுகோளுக்கு இரண்டு பதிலும் பரிகாச மீமுக்கு இருபது பதிலும் வரத் தொடங்கினால் குழு திசை மாறிவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

எலியா கர்மேல் மலையில் பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகளைக் கேலி செய்தாரே, சத்தமாகக் கூப்பிடுங்கள், உங்கள் தெய்வம் தூங்கிக்கொண்டிருக்கலாம் என்றாரே என்று சிலர் வாதிடுவார்கள். ஆமாம், 1 இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த அதிகாரத்தை முடிவுவரை படியுங்கள். அவர்கள் எல்லோரும் அன்றே கொல்லப்படுகிறார்கள். அரசியின் ஆதரவோடு கூட்டமாக நின்றவர்கள் முன் தனியாக நின்ற ஒருவர் பேசியது அது. தன்னைப் போன்றவர்கள் மட்டும் உள்ள குழுவில் பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டு, அங்கே இல்லாதவரைப் பரிகசிக்க அதை ஆதாரம் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

கூடுதலாக ஒன்று: உங்கள் குழுவில் ஒருவரின் மருமகளோ, நண்பரோ, உயிர் காத்த மருத்துவரோ அந்த மதமாக இருப்பார். அவர் எதுவும் எழுத மாட்டார். ஒருநாள் வெளியேறிவிடுவார்.

இணையத்தில் கூடுவது உண்மையான கூட்டம்தானா?

சில காரியங்களுக்கு இல்லை என்று மரபுகளே தெளிவாகச் சொல்கின்றன. இணையத்தில் திருவருட்சாதனங்கள் (ஞானஸ்நானம், நற்கருணை போன்ற புனிதச் சடங்குகள்) இல்லை என்று வத்திக்கான் 2002ல் வெளியிட்ட ஆவணம் சொன்னது. யூத மரபில் பத்துப் பேர் ஒரே இடத்தில் இருந்தால்தான் மின்யான் (கூட்டுப் பிரார்த்தனைக்கு வேண்டிய எண்ணிக்கை) ஆகும் என்பது பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் ரபிகளின் நிலை. 2020ல் பள்ளிவாசல்கள் மூடியிருந்தபோது, திரையைப் பார்த்து ஜும்ஆ (வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை) தொழுவது செல்லாது, வீட்டில் லுஹர் (நண்பகல் தொழுகை) தொழுங்கள் என்றுதான் பல அறிஞர்கள் தீர்ப்பளித்தார்கள். இந்தக் கட்டுப்பாடுகளை நான் பிற்போக்கு என்று நினைக்கவில்லை. உடம்பும் இடமும் வழிபாட்டில் ஒரு பங்கு என்பதைக் காப்பாற்றுகிறார்கள்.

மற்ற பல காரியங்களுக்கு இது உண்மையான கூட்டமே. படுக்கையில் இருப்பவர், குழந்தையை விட்டு வர முடியாதவர், தன் மொழியில் ஒரு வார்த்தை பேச ஆள் இல்லாத இடத்தில் இருப்பவர் ஆகியோருக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே கூட்டம் இதுவாக இருக்கலாம்.

மேலே சொன்ன அதே நையாண்டி இதழ்க்காரர்கள் 2004 மே மாதத்தில் ‘சர்ச் ஆஃப் ஃபூல்ஸ்’ என்ற முப்பரிமாண இணையத் தேவாலயத்தைத் திறந்தார்கள். மெதடிஸ்ட் சபை ஆதரவு தந்தது. லண்டன் ஆயர் (பிஷப்) ரிச்சர்ட் சார்ட்டர்ஸ் முதல் பிரசங்கம் செய்தார். பொம்மை உருவங்கள் வழியாகத்தான் மக்கள் உள்ளே வந்தார்கள், மண்டியிட்டார்கள், சேர்ந்து ஜெபித்தார்கள். பிரசங்க மேடையில் ஏறிக் கெட்ட வார்த்தை கத்துகிறவர்களும் கூட்டமாக வந்தார்கள். அவர்களை வெளியேற்றப் பொறுப்பாளர்களுக்கு ஒரு பொத்தான் தரவேண்டி வந்தது. எல்லாச் சிக்கலையும் தாண்டி அங்கே சேர்ந்தவர்கள் பிறகும் ‘செயின்ட் பிக்சல்ஸ்’ என்ற பெயரில் தொடர்ந்து கூடினார்கள். சிரிக்கத் தெரிந்தவர்கள் கட்டிய இடத்தில் மக்கள் ஜெபிக்கவும் வந்தார்கள் என்பது எனக்கு மிகுந்த ஆறுதல் தரும் செய்தி.

காணொளிக் கூட்டத்தில் ஜோக் சொன்னால் எல்லாம் சப்பென்று போகிறதே?

எல்லோரும் மியூட்டில் இருக்கிறார்கள். சிரிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ராபர்ட் ப்ரோவைன், தனியாக இருக்கும்போதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதர்கள் முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். பெரும்பாலான சிரிப்பு ஜோக்கைத் தொடர்ந்து வருவதே இல்லை, சாதாரணப் பேச்சின் நடுவில்தான் வருகிறது என்றும் கண்டார். ராபின் டன்பார் குழுவினரின் ஆய்வில், சேர்ந்து சிரித்தபின் வலியைத் தாங்கும் அளவு கூடியிருந்தது. இத்தனை நன்மையும் அடுத்தவர் சிரிப்பு காதில் விழுந்தால்தானே கிடைக்கும்? கூட்டம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் எல்லோருடைய மைக்கையும் திறந்துவிடுங்கள். நாற்காலி இழுக்கும் சத்தம், பேரன் அழும் சத்தம் எல்லாம் கேட்கட்டும்.

ரப்பா என்ற பழைய ரபி, பாடம் தொடங்குமுன் ஏதாவது வேடிக்கையாக ஒரு வார்த்தை சொல்வாராம். மாணவர்கள் சிரிப்பார்கள். அதன்பின் பயபக்தியோடு உட்கார்ந்து பாடத்தைத் தொடங்குவார். தல்மூதில் உள்ள குறிப்பு இது. வரிசையைப் பாருங்கள்: சிரிப்பு முதலில், பக்தி அடுத்து. ஒன்று மற்றொன்றுக்கு வழி விடுகிறது.

நான் ஒரு பக்திக் குழுவின் அட்மின். ஜோக்குகளுக்கு என்ன விதி வைக்கலாம்?

‘ஜோக் கூடாது’ என்று வைக்காதீர்கள். மக்கள் தனித்தனியாக வேறு குழு தொடங்கி அங்கே போய்ச் சிரிப்பார்கள்; அங்கே அட்மின் இருக்க மாட்டார்.

சொந்த அனுபவத்தை, சொந்தச் சொல்லில் எழுதினால் வரவேற்பு. எங்கிருந்தோ வந்த ஃபார்வர்டு ஜோக் வேண்டாம். இந்த ஒரு விதி பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். தான் எழுதியதற்கு ஒருவர் பொறுப்பு ஏற்பார், வந்ததை அனுப்பியதற்கு ஏற்க மாட்டார். பிரார்த்தனை வேண்டுகோளுக்கென்று தனி இடம் வையுங்கள், அங்கே வேடிக்கைப் பேச்சு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தவறியவரை எல்லோர் முன்னாலும் கண்டிக்க வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், எழுதாமல் பேசுங்கள். நட்பு சிரித்து மகிழ மட்டும் இல்லை, தவறும்போது இடித்துச் சொல்லவும்தான் என்கிறது 784ஆம் குறள். இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வந்தால்தான் இடிப்பது வலிக்காது.

துக்கத்தில் இருப்பவரோடு சிரிக்கலாமா?

அவர் தொடங்கினால். இறந்துபோன கணவர் தன்னைக் கேலி செய்த கதையை ஒரு அம்மா குழுவில் எழுதினால், தயங்காமல் சேர்ந்து சிரியுங்கள்; அவர் அந்த மனிதரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறார். நீங்களாகத் தொடங்க வேண்டாம். துன்பம் வரும்போது நகுக என்ற குறளையும் அவருக்கு அனுப்பாதீர்கள். அது துன்பப்படுகிறவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய வார்த்தை.

தல்மூதில் இன்னொரு கதை. சந்தையில் நிற்கும் ஒரு ரபி எலியாவைக் கேட்கிறார்: இங்கே மறுமைக்கு உரியவர் யாராவது உண்டா? அந்த வழியாக வந்த இரண்டு பேரை எலியா காட்டுகிறார். ரபி ஓடிப்போய், நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று விசாரிக்கிறார். நாங்கள் வேடிக்கைக்காரர்கள், வருத்தத்தில் இருப்பவர்களைச் சிரிக்க வைக்கிறோம், இரண்டு பேர் சண்டை போட்டால் பாடுபட்டுச் சமாதானம் செய்து வைக்கிறோம் என்கிறார்கள். வருத்தத்தில் இருப்பவரை முதலில் அவர்கள் பார்க்கிறார்கள், பிறகு சிரிக்க வைக்கிறார்கள். இணையத்தில் நாம் விட்டுவிடுவது அந்தப் பார்க்கும் வேலையைத்தான். குழுவில் யார் பல நாளாக எழுதவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா?

என் நம்பிக்கையை யாரோ கேலி செய்து போட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டாமா?

அவரை உங்களுக்குத் தெரியும் என்றால், எனக்கு இது வலித்தது என்று ஒரு வரி தனியாக எழுதுங்கள். பெரும்பாலானோர் வருத்தப்படுவார்கள். தெரியாதவர் என்றால் விட்டுவிடுங்கள். நீங்கள் திட்டிப் போடும் ஒவ்வொரு கமெண்டும் அந்தப் பதிவை இன்னும் பலர் கண்ணில் காட்டும். வன்முறைக்கோ வெறுப்புக்கோ தூண்டுவதாக இருந்தால் புகார் செய்யுங்கள், அதற்கென்று வழி இருக்கிறது. கேலிக்கு அச்சுறுத்தல் ஒருபோதும் பதில் ஆகாது. 2015 ஜனவரியில் பாரிஸில் ஒரு நையாண்டிப் பத்திரிகை அலுவலகத்தின் மீது நடந்த தாக்குதலில் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளால் எந்த நம்பிக்கைக்கும் மரியாதை கூடவில்லை.

நம்பிக்கை இல்லாத நண்பர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் கேலி செய்தால்?

அவர்கள் எத்தனை நாளாக உங்களோடு இருக்கிறார்கள், உங்கள் வீட்டுத் துக்கத்துக்கு வந்தார்களா என்று பாருங்கள். உரிமை மதத்தால் மட்டும் வருவதில்லை. கூட இருந்தவர்களுக்கும் அது உண்டு.

எனக்குச் சிரிக்க வராது. வேடிக்கையாகப் பேசவும் தெரியாது. இப்படிப்பட்ட குழுவில் நான் பொருந்துவேனா?

பிறரோடு கலந்து மகிழத் தெரியாதவர்களுக்கு இந்தப் பெரிய உலகம் பகலிலும் இருட்டுதான் என்று 999ஆம் குறள் சொல்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் பலர் பயப்படுகிறார்கள். வள்ளுவர் அங்கே கேட்பது கலந்து பழகும் மனம். ஜோக் சொல்லும் திறமையைக் கேட்கவில்லை. மற்றவர்கள் சிரிக்கும்போது அவர்களைக் குறைவாக நினைக்காமல் கூட உட்கார்ந்திருக்க முடிந்தால், தாராளமாகச் சேருங்கள். பாடலுக்கு, வாசிப்புக்கு, ஒருவரின் அறுவைச் சிகிச்சைத் தேதியை நினைவில் வைத்திருந்து அன்று காலை விசாரிப்பதற்கு எல்லாம் ஆள் வேண்டும்.